டைப் ஹிண்ட் போடணுமா, வேண்டாமா? கோட் ரிவியூவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோட் ரிவியூவில் வாதம் நீளுவது பெரும்பாலும் தப்பான கணக்கால் இல்லை. கணக்கு தப்பு என்று காட்டிவிட்டால் எழுதியவரே திருத்திவிடுவார், பேச்சு முடிந்தது. போட்டாலும் ஓடும், போடாவிட்டாலும் ஓடும் என்கிற சமாசாரங்களில்தான் ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருப்பார்கள். நிரலோடு ஒட்டி எழுதும் குறிப்புகளான அனொட்டேஷன்கள் எல்லாம் இந்த ரகம்தான்: பைத்தானில் ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் டைப் ஹிண்ட், ஜாவாவில் ஓவர்ரைடு, நல்லபிள், சி பிளஸ் பிளஸில் நோடிஸ்கார்டு.

டீமில் புதிதாகச் சேர்ந்து முதல் சில புல் ரிக்வெஸ்ட்களை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைகளை) அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனதில் இருப்பவை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் எடைச் சீட்டு, செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு), சம்பளக் கணக்கு என்று மென்பொருள் எழுதுகிற சின்ன டீம்கள். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலோ கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு, கோலாலம்பூருக்குப் போகாமல் ஊரிலேயே வேலை பார்க்கலாம் என்று வருகிற பிள்ளைகள் நிறைய. படிக்கும்போது தனியாகத்தான் எழுதிப் பழகியிருப்பார்கள். தாங்கள் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, "இது எதுக்கு?" என்று கேட்பது இங்கேதான் முதல் தடவை.

என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு கருவி சரிபார்க்கிற அனொட்டேஷனையும், நம்மைத் தெரியாத ஒருவர் நம்பிக் கூப்பிடப்போகிற ஃபங்ஷனின் வாசலில் நிற்கிற அனொட்டேஷனையும் நான் விடமாட்டேன். மற்றதெல்லாம் அவரவர் ருசி. ருசிக்காக ஒரு மெர்ஜை, அதாவது மாற்றத்தைச் சேர்ப்பதை, இரண்டு நாள் நிறுத்தி வைப்பது வீண்.

1. அதை யார் படிக்கிறார் என்று முதலில் பாருங்கள்

அனொட்டேஷன் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. வாதத்தில் இறங்குவதற்கு முன், குறிப்பிட்ட அந்த அனொட்டேஷனைப் படிப்பது கம்பைலரா, தனியாக ஓடும் சோதனைக் கருவியா, ஓடும் நேரத்தில் ஏதாவது ஃப்ரேம்வொர்க்கா, இல்லை மனிதர் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி வாதம் இந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

கம்பைலர் படிப்பதற்கு நல்ல உதாரணம் ஜாவாவின் ஓவர்ரைடு. 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. தாய் கிளாஸில் இருக்கும் மெத்தடை நான் மாற்றி எழுதுகிறேன் என்று அறிவிக்கும் ஒரே ஒரு சொல். போடாவிட்டாலும் மெத்தட் ஒழுங்காக எழுதியிருந்தால் ஓடும். ஒழுங்காக எழுதவில்லை என்றால்தான் விஷயம். எடைச் சீட்டுக்கு ஒரு கிளாஸ் எழுதி, இரண்டு சீட்டும் ஒன்றா என்று பார்க்க ஈக்குவல்ஸ் மெத்தட் எழுதுகிறீர்கள். அதன் உள்ளீடு ஆப்ஜெக்ட் என்ற வகையாக இருக்க வேண்டும். நீங்கள் இயல்பாக 'சீட்டு' என்ற உங்கள் சொந்த வகையையே போட்டுவிட்டீர்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அது வேறு ஒரு புது மெத்தட் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் சீட்டுகளை, ஒன்றையே இரண்டு தடவை வைக்காத ஹாஷ்செட் என்ற தொகுப்பில் போட்டால், அது உங்கள் ஈக்குவல்ஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஒரே லோரியின் ஒரே சீட்டு இரண்டு தடவை உள்ளே நுழையும். மேலே ஓவர்ரைடு என்று போட்டிருந்தால், தாய் கிளாஸில் அப்படி ஒரு மெத்தட் கிடையாது என்று கம்பைலர் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும். இன்டர்ஃபேஸ் மெத்தட்களுக்கும் இதைப் போடலாம் என்று 2006-இல் ஜாவா 6 வழிவிட்டது. சி பிளஸ் பிளஸில் இதே வேலையைச் செய்யும் ஓவர்ரைடு 2011 தர நிர்ணயத்தில் வந்தது. இந்த ரகத்துக்கு விவாதமே வேண்டாம். ஒரு சொல்தான் செலவு. போடுங்கள்.

பைத்தான் கதை வேறு. ஃபங்ஷனுக்கு அனொட்டேஷன் எழுதும் வசதி 2008-இல் பைத்தான் 3.0-உடனேயே வந்துவிட்டது. ஆனால் அதை வகையைச் சொல்லப் பயன்படுத்தும் முறை 2015-இல் 3.5 பதிப்பில்தான் நிலைபெற்றது. அந்த முறையை வகுத்த பெப் 484 ஆவணமே, டைப் ஹிண்ட்டை ஒருநாளும் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. பைத்தான் ஓடும்போது ஹிண்ட்டைச் சரிபார்ப்பதில்லை. எண் என்று எழுதிய இடத்தில் எழுத்துச் சரத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மைபை, பைரைட் போன்ற கருவியை நீங்கள் தனியாக ஓட்டினால்தான் ஹிண்ட்டுக்கு அர்த்தம். அப்படி எதுவும் ஓடாத ஒரு ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கும் ஹிண்ட், பாசார் மாலாமில் 'அசல்' என்று ஒட்டி விற்கிற சட்டை லேபிள் மாதிரி. உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

மூன்றாவது ரகத்தில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். பைத்தானில் டேட்டாகிளாஸ் (விவரங்களை அடுக்கி வைக்கும் கிளாஸ்) எழுதும்போது வகை போட்ட பெயர்கள் மட்டும்தான் ஃபீல்டாகக் கணக்கில் வரும். "இந்த ஹிண்ட் எதுக்கு, சும்மா சத்தம்" என்று எடுத்துவிட்டால், அந்த ஃபீல்டே காணாமல் போகும். ஃபாஸ்ட் ஏபிஐ, பைடான்டிக் என்ற பைத்தான் லைப்ரரிகளும் அப்படியே. அங்கே ஹிண்ட்டை மாற்றுவது நிரலின் நடத்தையை மாற்றுவதற்குச் சமம். "விருப்பம் இருந்தால் போடலாம்" என்று படித்ததை நம்பி இந்த இடங்களில் கை வைக்காதீர்கள்.

2. வாசலில் போடுங்கள், அடுப்படியில் வேண்டாம்

ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் தற்காலிக மாறிகளுக்கெல்லாம் வகை எழுதிக்கொண்டிருப்பது நேர விரயம். கருவியே அதை ஊகித்துக்கொள்ளும், படிப்பவருக்கும் புரியும். காலியான ஒரு லிஸ்ட்டை வைத்துத் தொடங்குவது போல, கருவியால் ஊகிக்க முடியாத இடங்கள் சில உண்டு. அங்கே மட்டும் போட்டால் போதும்.

வேறு ஃபைலில் இருந்து, வேறு ஒருவர் கூப்பிடும் ஃபங்ஷனின் உள்ளீடும் வெளியீடும்தான் முக்கியம். எங்கள் தொழிலில் இருந்தே ஒரு உதாரணத்தை எடுத்து, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்கு வந்ததும் எடை மேடையில் ஏறும். அது முழு எடை. குலையைக் கொட்டிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வந்து மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிகர எடை. இப்போது 'நிகர எடை' என்று ஒரு ஃபங்ஷன். சீட்டைக் கொடுத்தால் எடையைத் தரும். லோரி இன்னும் உள்ளே குலை கொட்டிக்கொண்டிருக்கிறது என்றால்? இரண்டாவது எடை இன்னும் எழுதப்படவில்லை. அப்போது அந்த ஃபங்ஷன் பைத்தானின் 'நன்' என்பதை, அதாவது மதிப்பே இல்லை என்பதைத் திருப்பித் தரும். எழுதியவருக்கு இது தெரியும். மூன்று மாதம் கழித்து அன்றைய மொத்த வரவைக் கூட்டும் ரிப்போர்ட்டை எழுதுபவருக்குத் தெரியாது. அவர் எல்லாச் சீட்டையும் சுற்றி வந்து கூட்டுவார். காலையில் சோதித்தால் சரியாக வரும், ஏனென்றால் நேற்றைய சீட்டுகள் எல்லாம் முடிந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு, உள்ளே லோரி நிற்கிற நேரத்தில் ஆபீஸ் எழுத்தரான கிராணி பட்டனை அழுத்தினால் நிரல் விழும்.

வெளியீட்டு வகையை 'ஃபுளோட் அல்லது நன்' (ஃபுளோட் என்றால் தசம எண்) என்று எழுதியிருந்தால் கதை மாறும். 3.10 பதிப்பில் இருந்து இதை ஒரு செங்குத்துக் கோட்டை நடுவில் போட்டு எழுதலாம். ரிப்போர்ட்டை எழுதுபவர் கூட்டல் குறியைப் போட்டதுமே, நன் வரக்கூடிய ஒன்றை எண்ணோடு கூட்ட முடியாது என்று மைபை மறிக்கும். கிராணியின் மேசைக்குப் போகிற கோளாறு, எழுதுகிறவரின் திரையிலேயே நின்றுவிடும்.

ஆனால் ரிவியூவர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைபை மறித்ததும் பலரும் செய்கிற முதல் வைத்தியம், 'அல்லது பூஜ்யம்' என்று பக்கத்தில் ஒட்டிவிடுவது. கருவி வாயை மூடிக்கொள்ளும். உள்ளே நிற்கும் லோரி பூஜ்யம் கிலோவாகக் கணக்கில் ஏறும். முன்பு நிரல் விழுந்தது, யாராவது போன் பண்ணியிருப்பார்கள். இப்போது விழாமல் தப்பான மொத்தத்தைக் காட்டும், யாரும் போன் பண்ணமாட்டார்கள். இது முன்னதைவிட மோசம். முடியாத சீட்டுகளை மொத்தத்தில் சேர்க்காமல் 'உள்ளே நிற்பவை' என்று தனியாகக் காட்டுவதுதான் சரி. அதை எந்தக் கருவியும் சொல்லாது, எடை மேடையைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். கேள்வியை எழுப்பிக் கொடுப்பதோடு அனொட்டேஷனின் வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்தது அடையாள அட்டை எண். மைகார்ட் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டில் தொடங்கும். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு முதல் இலக்கம் பூஜ்யம். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கே அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணை இன்ட், அதாவது முழு எண், என்று வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். 2000 ஜனவரியில் பிறந்த ஒருவருக்கு மூன்று பூஜ்யமும் போய் ஒன்பது இலக்கமே மிஞ்சும். சேமநிதிப் பட்டியலிலும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பட்டியலிலும் தேடினால் அவர் கிடைக்கமாட்டார். 1970-களில் பிறந்த மண்டோர்களை (கங்காணிகளை) வைத்தே சோதித்துப் பார்த்தால் இது கண்ணில் படவும் படாது. போதாததற்கு, குலை வெட்ட வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கிடையாது, பாஸ்போர்ட் எண்தான். அதில் எழுத்தும் வரும். அதனால் 'எஸ்டிஆர்', சரம், என்று ஃபங்ஷனின் வாசலில் எழுதி வையுங்கள். அதைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஃபங்ஷனில் சரம் என்று எழுதிவிட்டு, சிஎஸ்வி கோப்பைப் பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியை வைத்து அப்படியே படித்தால், அது அந்த நெடுவரிசையைப் பார்த்து "ஓ, எல்லாம் எண்" என்று தானே எண்ணாக மாற்றிவிடும். ஹிண்ட் அதைத் தடுக்காது. படிக்கும் இடத்திலேயே இந்த நெடுவரிசை சரம் என்று சொல்ல வேண்டும். ரிவியூவில் ஹிண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், அந்த மதிப்பு எங்கிருந்து உள்ளே வருகிறது என்று ஒரு தடவை பின்னால் போய்ப் பாருங்கள்.

3. அனொட்டேஷனால் ஆகாத காரியம்

ஹிண்ட் வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். "வகை போட்டுவிட்டால் தப்பே வராது என்று நினைத்துக்கொண்டு டெஸ்ட் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள்" என்பார்கள். அது நடக்கிறதுதான்.

2017-இல் ஒரு ஆய்வு வந்தது. பொதுவெளியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் ஏற்கெனவே திருத்தப்பட்ட பிழைகளை எடுத்து, அந்த மொழிக்கு வகை சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட்டோ ஃபுளோவோ வைத்து வகை எழுதியிருந்தால் எத்தனை பிழைகள் அப்போதே பிடிபட்டிருக்கும் என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் 15 விழுக்காடு என்று வந்தது. இரு கட்சிக்காரர்களும் இதே எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நூற்றில் பதினைந்து பிழை சும்மாவே போகும் என்றால் அது எனக்குப் பெரிய லாபம். அதே நேரத்தில் மிச்சம் எண்பத்தைந்து அப்படியே நிற்கிறது என்பதும் உண்மை.

அந்த எண்பத்தைந்து எப்படி இருக்கும்? மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் குலைக்கு விலை அறிவிக்கும்போது, எண்ணெய் பிழிவு விகிதம் ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று அறிவிக்கிறது. விகிதம் இருபது என்றால் அதை இருபதால் பெருக்க வேண்டும். உங்கள் டேட்டாபேஸில் ஒருவர் 20 என்றும் இன்னொருவர் 0.20 என்றும் விகிதத்தை எழுதி வைத்திருக்கிறார். இரண்டும் ஃபுளோட். மைபைக்கு இரண்டும் சரி. சிறுதோட்டக்காரருக்குக் கிடைக்க வேண்டிய காசோ நூறில் ஒரு பங்காகிவிடும். இதற்கு ஒரு டெஸ்ட் எழுதினால்தான் பிடிபடும். இல்லையென்றால் அந்த மாறிக்கு 'விகிதம்' என்று பெயர் வைக்காமல் 'விழுக்காடு' என்று வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் நல்ல பெயர் செய்கிற வேலையை எந்த ஹிண்ட்டும் செய்யாது. ரிவியூவில் நான் பெயருக்காகத்தான் அதிகம் மல்லுக்கட்டுவேன்.

அலகுக்கு ஒரு நடுவழி உண்டு. பைத்தானில் 'நியூடைப்' என்று ஒன்று இருக்கிறது. கிலோ, டன் என்று இரண்டு வகைகளை உருவாக்கிக்கொள்ளலாம். ஓடும்போது இரண்டும் வெறும் எண்தான், ஆனால் கிலோ கேட்கும் ஃபங்ஷனுக்கு டன்னைக் கொடுத்தால் மைபை விடாது. இரண்டையும் நேராகக் கூட்டினால் மட்டும் அதற்குக் கோபம் வராது, இரண்டும் ஃபுளோட் தானே என்று விட்டுவிடும். அதனால் கூட்டலையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, அதன் வாசலில் கிலோ என்று எழுதுங்கள்.

4. புல் ரிக்வெஸ்ட் அனுப்பும்போது

ஒரு பிழையைத் திருத்தப் போன இடத்தில், அந்த ஃபைல் முழுவதற்கும் டைப் ஹிண்ட் போட்டு அனுப்புவது புதியவர்களின் வழக்கம். ஆர்வக்கோளாறு. ரிவியூவருக்கு எந்த வரியில் பிழை திருந்தியது என்றே தெரியாது. இரண்டையும் இரண்டு புல் ரிக்வெஸ்ட்டாகப் பிரியுங்கள். ஹிண்ட் மட்டும் உள்ள புல் ரிக்வெஸ்ட்டை ரிவியூவர் தேநீர் குடிக்கிற நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார்.

"ஹிண்ட் போட்டால் கிட் பிளேமில் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் பட்டியலில்) எல்லா வரியும் உன் பெயரில் காட்டும், பழைய கதை மறைந்துவிடும்" என்று ஒரு குறை சொல்வார்கள். நியாயமான குறைதான், ஆனால் தீர்வு இருக்கிறது. 2019-இல் வந்த கிட் 2.23-இல் இருந்து, குறிப்பிட்ட கமிட்களை, அதாவது பதிவு செய்த மாற்றங்களை, பிளேம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகச் சொல்லலாம். அந்தக் கமிட் எண்களை ஒரு கோப்பில் எழுதி ரெப்போவில் வைத்துவிட்டு, கிட் அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஹிண்ட்டைத் தனிக் கமிட்டாக வைத்தால்தான் இது நடக்கும்.

விளக்கத்தில் "டைப் ஹிண்ட் சேர்த்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவியை எந்த அமைப்பில் ஓட்டினீர்கள், என்ன பிடிபட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

5. ரிவியூ செய்யும்போதும், ரிவியூவுக்குப் பதில் சொல்லும்போதும்

"இங்கே ஹிண்ட் போடவும்" என்று உத்தரவு மாதிரி ஒரு வரி எழுதிவிட்டுப் போவது ரிவியூ இல்லை. அது இல்லாவிட்டால் யார், எங்கே, எப்படித் தப்பாகக் கூப்பிடுவார் என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் கமென்ட் போடுங்கள். எழுத முடியவில்லை என்றால், அது உங்கள் ருசி. ருசியையும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு அடையாளம் வேண்டும். கூகுள் தன் ரிவியூ வழிகாட்டியில் இந்த மாதிரிச் சின்னக் கமென்ட்டுகளுக்கு முன்னால் 'நிட்' என்று போடச் சொல்கிறது. இதைச் செய்யாவிட்டாலும் மெர்ஜ் பண்ணலாம் என்பது எழுதியவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிடும். எங்கள் பக்கம் சிலர் 'சும்மா' என்று போடுவார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. மூத்தவர் கமென்ட் போட்டதும் "சரிண்ணே", "சரிக்கா" என்று எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். வீட்டில் வளர்த்த மரியாதை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரிவியூவில் அதனால் பலன் இல்லை. அண்ணன் அந்த ஃபைலை ஐந்து நிமிடம்தான் பார்த்திருப்பார், நீங்கள் இரண்டு நாள் அதிலேயே கிடந்திருப்பீர்கள். மறுக்கக் காரணம் இருந்தால் மறுக்கலாம். பேச்சு இப்படிப் போனால் போதும்:

"அண்ணே, ஃபுளோட்னு போட்டாலே புரியுமே. எதுக்குத் தனியா கிலோ?"

"ஆலை சீட்டு டன்ல வருதும்மா. நம்ம மேடை கிலோ. நாளைக்கு யாராவது மாத்திக் குடுத்தா எது தடுக்கும்?"

"சரிண்ணே, மாத்துறேன். ஆனா லூப்புக்குள்ள இருக்கிற மாறிக்கும் கேட்டிருக்கீங்க. அது அந்த மூணு வரியைத் தாண்டி எங்கேயும் போகலயே?"

"ஆமா, அது சும்மா. விட்டுடு."

இதில் ஒன்றில் அண்ணன் ஜெயித்தார், ஒன்றில் தங்கச்சி. இரண்டுக்கும் காரணம் எழுத்தில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கு அதுதான் வேண்டும்.

நேரில் பேசி முடித்தாலும், முடிவை ஒரு வரியாகப் புல் ரிக்வெஸ்ட்டில் எழுதிவிடுங்கள். வாட்ஸாப்பில் பேசி முடித்த விஷயத்தை அப்புறம் யாராலும் தேடி எடுக்க முடியாது.

6. அதே வாதம் மறுபடியும் வந்தால்

ஒரே கேள்வி இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டிலும் எழுந்தால், அதை அங்கே தீர்க்காதீர்கள். விதியாக எழுதி ரெப்போவில் ஒரு கோப்பில் வையுங்கள். கூகுளின் ஜாவா நடை விதிகளைப் பாருங்கள். ஓவர்ரைடை எங்கெல்லாம் போட அனுமதி உண்டோ அங்கெல்லாம் போட வேண்டும். தாய் மெத்தட் டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடலாம். அவ்வளவுதான். அந்த இரண்டு வரியோடு அங்கே பேச்சு முடிந்தது.

விதி எழுதிவிட்டால் அதைக் கருவியிடம் கொடுத்துவிடுங்கள். மைபையில் வகை எழுதாத ஃபங்ஷனை அனுமதிக்காதே என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம். முழு ரெப்போவுக்கும் ஒரேநாளில் போட்டால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும், எல்லாரும் வெறுத்துப்போய்க் கருவியையே அணைத்துவிடுவார்கள். எங்கள் வேலையில் நான் சொல்லும் வரிசை இது: முதலில் காசு கணக்குப் போடும் மாட்யூல், அடுத்து எடை, அடுத்து ஆள் விவரம். திரையில் வண்ணம் மாற்றும் நிரல் எல்லாம் கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் பரவாயில்லை. புது ஃபைல்களுக்கு முதல் நாளிலிருந்தே விதி உண்டு.

பெரிய இடங்களிலும் இப்படி மெதுவாகத்தான் போனார்கள். டிராப்பாக்ஸ் தன் பைத்தான் நிரலில் 40 லட்சம் வரிகளை மைபை சோதனைக்குள் கொண்டுவந்ததை 2019-இல் விவரித்து எழுதியது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமே அப்போது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவர்களுக்கே அது பல ஆண்டு வேலை.

ஜாவா டீமாக இருந்தால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கு ஜாவாவின் சொல்) வரலாம், வரக்கூடாது என்று குறிக்கும் அனொட்டேஷன்களை ஆளுக்கொரு லைப்ரரி தன் பாட்டுக்கு வெளியிட்டிருக்கிறது. ஒரே ரெப்போவில் மூன்று விதமான நல்லபிள் இருப்பதைப் பார்க்கலாம். அதை ஒழுங்குபடுத்த வந்த ஜேஸ்பெசிஃபை 2024-இல் 1.0 பதிப்பை எட்டியது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

7. வாயை மூடுகிற அனொட்டேஷன்கள்

கருவியைப் பேச வைப்பவை ஒரு பக்கம் இருக்க, அதைப் பேசாதே என்று அடக்குபவையும் உண்டு. பைத்தானில் 'டைப் இக்னோர்' என்ற கமென்ட், 'எனி' என்ற வகை, ஜாவாவில் 'சப்ரஸ் வார்னிங்ஸ்', டைப்ஸ்கிரிப்ட்டில் அதே 'எனி'. இவற்றில் மட்டும் ரிவியூவர் கறாராக இருக்க வேண்டும். தேவையே இல்லை என்று சொல்லவில்லை. வகை விவரம் இல்லாத பழைய லைப்ரரியைப் பயன்படுத்தும்போது வேறு வழி இருக்காது. ஆனால் எந்தப் பிழையை அடக்குகிறோம் என்று பிழையின் பெயரைச் சொல்லி அடக்க வேண்டும், பக்கத்தில் காரணமும் இருக்க வேண்டும். மொத்தமாக ஃபைலின் தலையில் போட்டு அடக்கினால் திருப்பி அனுப்புங்கள். மைபையில், பயனில்லாமல் நிற்கும் இக்னோர்களைக் காட்டிக்கொடுக்கும் அமைப்பும் உண்டு. அதைப் போட்டு வைத்தால் லைப்ரரி புதுப்பித்ததும் பழையவை தானாக வெளியே வரும்.

டைப்ஸ்கிரிப்ட்டில் வகை தெரியாத இடத்துக்கு 'எனி' போடுவதற்குப் பதில், 2018-இல் வந்த 'அன்நோன்' போடச் சொல்லிக் கேளுங்கள். சோதித்துப் பார்க்காமல் அதைத் தொட விடாது.

8. தோட்ட ஆபீஸின் எக்செல் மேக்ரோ

புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் பைத்தான் கிடைக்காது. நிறையத் தோட்ட ஆபீஸ்களில் செக்ரோல் இன்னும் எக்செல் மேக்ரோவில்தான் ஓடுகிறது. யாரோ ஒரு கிராணி பத்து வருடத்துக்கு முன் எழுதி வைத்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதைத் திருத்தச் சொல்லி உங்களிடம் வரும்.

அங்கேயும் போட்டாலும் ஓடும், போடாவிட்டாலும் ஓடும் என்கிற வரி ஒன்று இருக்கிறது: 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்'. மாட்யூலின் தலையில் அது இல்லாவிட்டால், மாறியின் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் மேக்ரோ மொழியான விபிஏ குறை சொல்லாது. அந்தப் பெயரில் காலியான புது மாறி ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கூட்டலில் அது பூஜ்யமாக நிற்கும். ஒருவருடைய ஓவர்டைம் காசு சத்தமில்லாமல் பூஜ்யமாகும் வழி அது.

எடிட்டரில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மாறிகளை அறிவித்தே தீர வேண்டும் என்ற கட்டத்தில் டிக் பண்ணுங்கள். இனி திறக்கும் புது மாட்யூல்களில் அந்த வரி தானாக வந்துவிடும். பழைய மாட்யூல்களுக்கு வராது, ஒவ்வொன்றின் தலையிலும் கையால் அடிக்க வேண்டும். கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அடியுங்கள். அப்புறம் டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பெயரில்தான் நிற்கும். அது வெறுமனே அறிவிக்காமல் விட்ட மாறியா, எழுத்துப் பிழையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திக்கொண்டே வாருங்கள். எழுத்துப் பிழை என்று தெரிந்தால், திருத்துவதற்கு முன் அது எந்த நெடுவரிசையின் மொத்தத்தில் போய்ச் சேருகிறது என்று குறித்துக்கொண்டு ஆபீஸில் காட்டுங்கள். பழைய மாதங்களின் சம்பளத்தையும் அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.